மூன்று பொத்தான்கள், பல வேலைகள்: டிஜிட்டல் கைக்கடிகாரத்தை எளிதாக்குவது எப்படி?

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று காசியோ எஃப்-91டபிள்யூ என்னும் டிஜிட்டல் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தவர்கள் தேதியைப் பார்த்தபோது, 29 இருக்க வேண்டிய இடத்தில் 1 என்று இருந்தது. கடிகாரம் பழுதாகிவிடவில்லை. 1989இல் வெளிவந்து இன்றும் விற்பனையில் இருக்கும் அந்த மாதிரி ஆண்டு எது என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. ஆகவே பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாட்கள்தான் என்று எடுத்துக்கொள்கிறது. அதைத் திருத்த வேண்டுமானால், இடப்பக்கம் கீழே உள்ள பொத்தானை மூன்று முறை அழுத்தி நேரம் திருத்தும் நிலைக்குப் போய், மேல் பொத்தானால் நொடி, மணி, நிமிடம் முதலியவற்றை ஒவ்வொன்றாகத் தாண்டித் தேதிக்கு வந்து, பிறகு வலப்பக்கப் பொத்தானால் எண்ணை மாற்ற வேண்டும். எண் முன்னோக்கி மட்டுமே நகரும் என்பதால், ஒரு நாள் பின்னால் வருவதற்கு மாதம் முழுவதையும் சுற்றி வர வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் இந்த வேலையின் வழிமுறையை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். கடிகாரத்தின் முகத்திலும் அதற்கு ஒரு குறிப்பும் இல்லை.

ஒரு கருவி துல்லியமாகவும் மலிவாகவும் ஆண்டுக்கணக்கில் உழைப்பதாகவும் இருந்தும், அதில் ஒரு வேலையைச் செய்து முடிப்பது கடினமாக இருக்கக்கூடும். இந்தக் கடினத்தைக் குறைக்கும் கலைக்கும் அறிவியலுக்கும் உரிய பொருளே பயன்பாட்டு எளிமை. ஐஎஸ்ஓ 9241-11 என்னும் பன்னாட்டுத் தரம் இதற்குத் தெளிவான வரையறை தருகிறது: குறிப்பிட்ட பயனர்கள், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில், எந்த அளவுக்குச் சரியாகவும் குறைந்த உழைப்பிலும் மன நிறைவோடும் அடைய முடிகிறது என்பதுதான் பயன்பாட்டு எளிமையின் அளவு. இதில் கவனிக்க வேண்டியது ‘குறிப்பிட்ட’ என்று மூன்று முறை வருவது. எந்தக் கடிகாரத்தையும் பொதுவாக எளியது என்றோ கடினமானது என்றோ சொல்லிவிட முடியாது. தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும், மெரினாவில் காலை நடையின்போது நேரம் எண்ணுபவருக்கும், இரவில் விளக்கை அணைத்தபின் அலாரம் வைக்க நினைக்கும் மூத்தவருக்கும் அதே கடிகாரம் மூன்று வேறு கருவிகளாக இருக்கிறது.

டிஜிட்டல் கைக்கடிகாரத்தின் வரலாறே இந்தச் சிக்கலில்தான் தொடங்கியது. 1972இல் அமெரிக்காவில் ஹாமில்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பல்சர் கடிகாரம் சிவப்பு எல்இடி எண்களில் நேரத்தைக் காட்டியது. அந்த எண்கள் மின்சாரத்தை மிகுதியாக எடுத்துக்கொண்டதால் அவற்றை எந்நேரமும் ஒளிரவிட முடியவில்லை. பொத்தானை அழுத்தினால்தான் நேரம் தெரியும். முள் கடிகாரத்தில் மணிக்கட்டைத் திருப்பினால் போதுமாக இருந்த காரியத்துக்கு இப்போது மற்றொரு கையும் வேண்டியிருந்தது. மறு ஆண்டே செய்கோ நிறுவனம் ஆறு எண்கள் கொண்ட எல்சிடி திரையோடு கடிகாரம் வெளியிட்டது. எல்சிடி தானாக ஒளிர்வதில்லை; வெளியிலிருந்து வரும் வெளிச்சத்தை மறைத்தும் விட்டும் எண்களைக் காட்டுகிறது. அதற்குத் தேவையான மின்சாரம் மிகச் சொற்பம் என்பதால் நேரம் எப்போதும் கண்ணுக்குத் தெரிந்தது.

அதன் பிறகு கடிகாரத்தை இயக்கும் மின்னணுச் சில்லுகள் மலிவாகிக்கொண்டே வந்தன. அலாரம், ஸ்டாப்வாட்ச், நாட்காட்டி, மணிக்கொரு முறை ஒலி, வெளிநாட்டு நேரம், சில மாதிரிகளில் கால்குலேட்டர் வரை ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சென்னையில் பாரிமுனை பர்மா பஜாரின் கண்ணாடிப் பெட்டிகளில் இவை வரிசையாக அடுக்கப்பட்டிருந்த காலத்தில், எத்தனை வேலைகள் செய்யும் என்பதே விலையைப் பேசுவதற்கான அளவுகோலாக இருந்தது. வேலைகள் பெருகிய வேகத்தில் பொத்தான்கள் பெருகவில்லை. அதற்குக் காரணம் உண்டு. கடிகாரப் பெட்டியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு துளை வேண்டும்; ஒவ்வொரு துளையும் நீர் புகுவதற்கான ஒரு வழி; ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் வளையமும் ஒரு சுருள்வில்லும் தேவை. பெட்டியின் ஓரத்தில் விரலுக்கு எட்டும் இடமும் அளவானது. ஆகவே மூன்று அல்லது நான்கு பொத்தான்களே எல்லா வேலைகளையும் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது.

இந்தப் பகிர்விலிருந்து பிறப்பதுதான் ‘நிலை’ என்னும் கருத்து. புதியவர்கள் இதைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாக விளங்கும். கடிகாரம் ஒரு நேரத்தில் ஒரு நிலையில் இருக்கிறது: நேரம் காட்டும் நிலை, அலாரம் நிலை, ஸ்டாப்வாட்ச் நிலை, நேரம் திருத்தும் நிலை. ஒரே பொத்தான் நிலைக்கு நிலை வேறு வேலை செய்கிறது. வீட்டில் ஒரே சுவிட்ச் காலையில் மின்விசிறியையும் மதியம் தண்ணீர் மோட்டாரையும் இரவில் வாசல் விளக்கையும் இயக்குவதாக வைத்துக்கொண்டால், அதைத் தொடும் முன் இப்போது எந்த வேளை என்று யோசிக்க வேண்டியிருக்குமே, அப்படித்தான் இதுவும். முன்பு சொன்ன காசியோவையே எடுத்துக்கொள்வோம். இடப்பக்க மேல் பொத்தான் நேரம் காட்டும்போது விளக்கை எரிக்கிறது. ஸ்டாப்வாட்சில் கணக்கைப் பூஜ்யமாக்குகிறது. நேரம் திருத்தும்போது அடுத்த எண்ணுக்குத் தாவுகிறது. மூன்று பொத்தான்களும் நான்கு நிலைகளும் சேர்ந்தால் பன்னிரண்டு பொருள்கள் வருகின்றன. தொட்டு விடுவது, அழுத்திப் பிடிப்பது என்ற வேறுபாட்டையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும்.

இது சிறிய விஷயமன்று. இஸ்ரேலைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டேவிட் ஹாரெல், சிக்கலான அமைப்புகளின் நிலைகளைப் படமாக வரைந்து காட்டும் முறை ஒன்றை 1987இல் வெளியிட்டபோது, அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் விமானமோ அணுமின் நிலையமோ அன்று. பல அலாரங்கள் கொண்ட ஒரு சிட்டிசன் கைக்கடிகாரம். நிலைகளும் அவற்றின் உள்நிலைகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழிகளும் அந்தச் சிறு பெட்டிக்குள் ஒரு கட்டுரை முழுவதற்கும் போதுமான அளவு இருந்தன. ஆகவே கைக்கடிகாரத்தை இயக்கத் தெரியவில்லை என்று தயங்குபவர்கள் தங்கள் அறிவைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. வடிவமைத்தவர் வரைபடமாகப் பார்த்த ஒன்றைப் பயனர் வரைபடம் இல்லாமல், விரலால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் திருத்தம் எங்கே தொடங்க வேண்டும்? என் கருத்தில், இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைக் கடிகாரம் எப்போதும் சொல்லிக்கொண்டிருப்பதில் தொடங்க வேண்டும். பயன்பாட்டு எளிமைத் துறையில் பெயர்பெற்ற யாகோப் நீல்சன் 1994இல் தொகுத்த பத்துப் பொது விதிகளில் முதலாவதே, கருவி தன் நிலையைப் பயனருக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. காசியோவில் அலாரம் நிலைக்குப் போனால் கிழமை இருந்த இடத்தில் ‘ஏஎல்’ என்றும், ஸ்டாப்வாட்சுக்குப் போனால் ‘எஸ்டி’ என்றும் இரண்டு சிறு எழுத்துகள் தோன்றும். காட்டுகிறது என்பது உண்மை. ஆனால் அந்தச் சுருக்கம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டுமே அது காட்டுகிறது. கண் போவது நடுவில் உள்ள பெரிய எண்களுக்குத்தான். அலாரம் நிலையிலும் அங்கே மணியும் நிமிடமுமே இருப்பதால், அலாரத்துக்காக வைத்த நேரத்தை இப்போதைய நேரம் என்று எண்ணிவிடுவது எளிது.

இங்கே எல்சிடியின் இயல்பு குறுக்கே வருகிறது. கைப்பேசியின் திரையில் எதை வேண்டுமானாலும் வரையலாம். சாதாரண டிஜிட்டல் கடிகாரத்தின் திரையில் அப்படி முடியாது. ஒவ்வோர் எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது. அந்தக் கோடுகளும், மணிப் படம் போன்ற சிறு குறிகளும், கண்ணாடி தயாரிக்கப்படும்போதே அதில் பதிக்கப்படுகின்றன. பிறகு எவ்வளவு நல்ல யோசனை தோன்றினாலும் இல்லாத ஒரு குறியைச் சேர்க்க முடியாது. ஆகவே ஒவ்வொரு நிலையையும் எப்படி வேறுபடுத்திக் காட்டுவது என்பதை வடிவமைப்பாளர் தொடக்கத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். அதற்குச் செலவில்லாத வழிகள் உண்டு. அலாரம் நிலையில் பெரிய எண்களுக்கு அருகிலேயே மணிக் குறியை வைக்கலாம். நொடி எண்கள் ஓடிக்கொண்டிருந்தால் அது நேரம், அந்த இடம் காலியாக இருந்தால் அது அலாரம் என்று ஒரே ஒழுங்கைக் கடைப்பிடிக்கலாம். அதைவிட முக்கியமானது ஒரு வழக்கம்: சில நிமிடங்கள் யாரும் எதையும் தொடாவிட்டால் கடிகாரம் தானாகவே நேரம் காட்டும் நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். கைக்கடிகாரத்தின் முதல் கடமை நேரம் காட்டுவது. எந்த நிலையிலிருந்தும் ஒரே பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்தக் கடமைக்கு அது திரும்பிவிடும் என்ற உறுதி இருந்தால், புதியவர்கள் அஞ்சாமல் மற்ற நிலைகளைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்தது அலாரம். பயனர் ஒருவரை உண்மையில் வருத்துவது இதுதான் என்பதால் சற்று விரிவாகப் பார்க்கலாம். எழும்பூரில் விடியற்காலை ரயிலைப் பிடிக்க ஒருவர் 4.30க்கு அலாரம் வைக்கிறார். திரையில் 4:30 தெரிகிறது. மணிக் குறியும் தெரிகிறது. அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். விடியற்காலையில் அது ஒலிக்கவில்லை. திரையின் ஓரத்தில், எள்ளளவு எழுத்தில், ‘பிஎம்’ என்று இருந்ததை அவர் பார்க்கவில்லை. அந்த அலாரம் மாலையில் சரியாக ஒலிக்கும். கருவி கட்டளையைப் பிழையின்றி நிறைவேற்றுகிறது, ஆனால் மனிதரின் நோக்கம் நிறைவேறுவதில்லை. இப்படிப்பட்ட தவறை அந்த மனிதரின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. பன்னிரண்டு மணி நேர வேறுபாட்டை உண்டாக்கும் ஒரு செய்தியைத் திரையின் மிகச் சிறிய எழுத்தில் வைத்த வடிவமைப்பின் தவறு அது. அலாரம் நிலையில் மட்டுமாவது 24 மணி முறையில் காட்டினால் 4:30க்கும் 16:30க்கும் குழப்பம் வராது. அதைவிடச் சிறந்த வழியைக் கைப்பேசிகள் ஏற்கெனவே பழக்கப்படுத்திவிட்டன: அலாரம் வைத்தவுடன், இன்னும் எத்தனை மணி நேரத்தில் அது ஒலிக்கும் என்று சொல்வது. இரவு பத்து மணிக்கு வைத்த அலாரம் ‘6:30’ என்று ஒரு கணம் மின்னினால் மனம் ஒப்புக்கொள்ளும். ‘18:30’ என்று மின்னினால் உடனே துணுக்குறும். ஏழு கோட்டு எண்களாலேயே இதைச் செய்துவிடலாம். புதிய திரை தேவையில்லை.

எண்ணை மாற்றும் விதத்திலும் பயனரின் பொழுது வீணாகிறது. ஒரே பொத்தானால் எண் மேல்நோக்கி மட்டும் நகரும் கடிகாரத்தில், 30 நிமிடத்தில் நிறுத்த வேண்டியவர் 31க்குப் போய்விட்டால் மீண்டும் 30க்கு வர 59 படிகள் கடக்க வேண்டும். இதற்காகவே பொத்தானை அழுத்திப் பிடித்தால் எண்கள் வேகமாக ஓடும் வசதி வந்தது. அந்த வேகமே அடுத்த தவறுக்கு வழி செய்கிறது. நொடிக்குப் பத்து எண்கள் ஓடுவதாகக் கொள்வோம். கண் பார்த்து, மூளை உணர்ந்து, விரல் விலகுவதற்குச் சுமார் கால் நொடி ஆகும். அதற்குள் இரண்டு மூன்று எண்கள் தாண்டிவிடும். தாண்டினால் மீண்டும் ஒரு சுற்று. மேல்நோக்கி ஒரு பொத்தான், கீழ்நோக்கி ஒரு பொத்தான் என்று கொடுத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்துவிடுகிறது. தாண்டிய இரண்டு எண்களை இரண்டே தட்டில் மீட்கலாம். நான்கு பொத்தான் கடிகாரங்களில் இது எளிது. மூன்று பொத்தான்கள்தான் என்றால், பத்தின் இடத்தையும் ஒன்றின் இடத்தையும் தனித்தனியே மாற்றவிடலாம். அப்போது 59 வரை போவதற்கும் பதினான்கு தட்டுகளே போதும்.

மார்கழி மாதத்தில் மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ சபாவில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்றைக் கேட்டிருப்பார்கள். ராக ஆலாபனை நுணுகிக்கொண்டிருக்கும் வேளையில், மாலை ஏழு மணிக்கு, அரங்கின் ஒரு மூலையில் ‘பீப் பீப்’ என்று ஒலிக்கும், சில நொடிகள் கழித்து வேறொரு வரிசையில், பிறகு மாடியில். மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று மாதத்துக்குச் சில நொடிகளிலிருந்து முப்பது நொடி வரை முன்னே பின்னே போகக்கூடியது என்பதால் அவை ஒரே நேரத்தில் ஒலிப்பதில்லை. அந்த ஒலியை நிறுத்தத் தெரியாமல் கையால் கடிகாரத்தைப் பொத்திக்கொள்பவர்கள் உண்டு. சில மாதிரிகளில் அலாரத்துக்கும் மணிக்கொரு முறை வரும் ஒலிக்கும் ஒரே பொத்தான். அழுத்த அழுத்த அலாரம் மட்டும், ஒலி மட்டும், இரண்டும், எதுவும் இல்லை என்று சுழலும். எங்கே நிற்கிறோம் என்பதை இரண்டு சிறு குறிகள் தோன்றுவதையும் மறைவதையும் வைத்துத்தான் அறிய வேண்டும். அமைதி தேவைப்படும் அந்த நேரத்தில் பொத்தானை அழுத்தினால் அதுவும் ஒலி எழுப்புமோ என்ற அச்சம் வேறு. எல்லா ஒலிகளையும் ஒரே செயலால் அடக்கும் வழி ஒவ்வொரு கடிகாரத்திலும் இருக்க வேண்டும். அந்தச் செயல் ஒலியின்றி நடக்கவும் வேண்டும்.

நம் ஊரின் தேவையை அறியாத வசதிகளும் தொல்லை தருகின்றன. வெளிநாட்டு நேரம் காட்டும் கடிகாரங்களில் கோடைக்கால நேரம் என்று ஒன்று உண்டு. அதை இயக்கினால் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும். இந்தியாவில் அந்த நடைமுறையே இல்லை. கை தவறி அது இயங்கிவிட்டால், நிமிடமும் நொடியும் சரியாக இருக்க மணி மட்டும் ஒன்று கூடியிருப்பதைக் கண்டு, கடிகாரம் கெட்டுவிட்டது என்று ஒருவர் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனால் வியப்பில்லை. இந்திய நேரம் கிரீன்விச்சிலிருந்து ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதும் முக்கியமான செய்தி. முழு மணிகளாக மட்டுமே நேர வேறுபாட்டைக் கணக்கிடும் கடிகாரம் நமக்குப் பயன்படாது. நகரத்தை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டால், அந்த நாட்டில் இல்லாத வசதிகளைக் கடிகாரம் தானே மறைத்துவிடலாம்.

கை தவறுவது என்பது நடைமுறையில் அடிக்கடி நிகழ்வது. இடக்கையில் கடிகாரம் கட்டியவர் மாநகரப் பேருந்தில் மேல் கம்பியைப் பிடிக்கும்போதோ, தரையில் கையூன்றி எழும்போதோ, பின்னால் வளையும் மணிக்கட்டு வலப்பக்கப் பொத்தானை அழுத்திவிடும். ஆகவே அந்தப் பொத்தானுக்குத் திரும்பப் பெற முடியாத வேலை எதையும் கொடுக்கக் கூடாது. காசியோ எஃப்-91டபிள்யூவில் அதே பொத்தான், நேரம் காட்டும் நிலையில், 12 மணி முறையையும் 24 மணி முறையையும் மாற்றுவதோடு நின்றுவிடுகிறது; மறுபடி அழுத்தினால் பழையபடி ஆகிவிடும். நல்ல தேர்வு. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாப்வாட்ச் கணக்கை ஒரே தொடுதலில் அழிக்கவிடாமல், முதலில் நிறுத்தி, பிறகுதான் அழிக்க முடியும் என்று வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

எழுத்து தெரிவதைப் பற்றி ஒன்றிரண்டு சொன்னால் போதும். சென்னை வெயிலில் சாம்பல் பின்னணியில் கறுப்பு எண்கள் நன்றாகத் தெரியும். கறுப்புப் பின்னணியில் வெளிர் எண்கள் காட்டும் கடிகாரங்கள் பார்க்க அழகாக இருந்தாலும் மங்கலான இடத்தில் படிப்பது கடினம். இரவில், திரையின் ஓரத்தில் உள்ள ஒற்றைச் சிறு விளக்கைவிடத் திரை முழுவதும் சமமாக ஒளிரும் அமைப்பே மேல். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அருகில் உள்ளவை மங்கும் என்பதால், அழகுக்காகச் சேர்க்கும் கோடுகளையும் எழுத்துகளையும் நீக்கி எண்களைப் பெரிதாக்குவது நேரடிப் பலன் தரும்.

தொடுதிரை கொண்ட திறன் கடிகாரங்கள் வந்துவிட்டதால் இவையெல்லாம் பழைய கதை என்று சிலர் நினைக்கலாம். தொடுதிரை சில சிக்கல்களைத் தீர்க்கிறது, சிலவற்றைப் புதிதாகக் கொண்டுவருகிறது. சிறு திரையைத் தொடும் விரலே அதில் பாதியை மறைத்துவிடுகிறது. 2015இல் வந்த ஆப்பிள் வாட்ச் பக்கவாட்டில் சுழலும் திருகு ஒன்றை வைத்தது, திரையை மறைக்காமல் பட்டியல்களை நகர்த்துவதற்காகத்தான். மே மாத வியர்வையிலும் நவம்பர் மழையிலும், விரலின் மின்தன்மையை உணரும் திரைகள் நீர்த்துளியை விரல் என்று எண்ணித் தடுமாறுகின்றன. 2013இல் விற்பனைக்கு வந்த பெபிள் கடிகாரம் தொடுதிரையே இல்லாமல் நான்கு பொத்தான்களோடு வந்தது: வலப்பக்கம் மேலே போக ஒன்று, தேர்ந்தெடுக்க ஒன்று, கீழே போக ஒன்று, இடப்பக்கம் திரும்பி வர ஒன்று. எந்தப் பட்டியலிலும் அவற்றின் பொருள் பெரும்பாலும் மாறாது. நிலைகள் எத்தனை பெருகினாலும் பொத்தான்களின் பொருள் நிலையாக இருந்தால் விரல் பழகிவிடும் என்பதற்கு அது நல்ல சான்று.

இத்துறையில் ஆர்வம் கொண்ட மாணவர்களுக்குச் சோதனைக்கூடம் எதுவும் தேவையில்லை. ஒரு கடிகாரத்தை எடுத்து, அதை முன்பு பயன்படுத்தாத ஒருவரிடம் கொடுத்து, காலை 4.30க்கு அலாரம் வைக்கச் சொல்ல வேண்டும். கையேட்டைக் கொடுக்கக் கூடாது, உதவவும் கூடாது. எந்த இடத்தில் விரல் தயங்குகிறது, எந்தப் பொத்தானை முதலில் முயல்கிறார், முடிந்துவிட்டது என்று எப்போது நம்புகிறார், அந்த நம்பிக்கை சரியா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சோதிக்கும் முன், சோதிக்கப்படுவது கடிகாரம்தான், அவர் அல்லர் என்று சொல்லிவிடுவது அவசியம். இல்லாவிட்டால் மூத்தவர்கள் கூச்சத்தில் பாதியில் விட்டுவிடுவார்கள். பெரும்பாலான குறைகளைக் கண்டறிய ஐந்து பேர் போதும் என்று நீல்சன் வாதிட்டிருக்கிறார். ஒரே வீட்டின் பாட்டி, அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவர், வேலைக்கு வரும் அக்கா என்று ஐவர் அமைந்தால் வயதும் பழக்கமும் வேறுபட்ட நல்ல குழு கிடைக்கும்.

கண்டறிந்த குறையைத் திருத்திப் பார்க்கவும் இப்போது வழி இருக்கிறது. எஃப்-91டபிள்யூவின் உள்ளே இருக்கும் மின்சுற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொருத்தக்கூடிய ‘சென்சர் வாட்ச்’ என்னும் திறந்த மூல (வடிவமைப்பை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய) மின்சுற்றுப் பலகை உண்டு. பெட்டி, திரை, மூன்று பொத்தான்கள் எல்லாம் பழையவையே; பொத்தான்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் சி என்னும் கணினி நிரல் மொழியில் நாமே எழுதலாம். இன்னும் எத்தனை மணி நேரத்தில் ஒலிக்கும் என்று மின்னும் அலாரத்தை எழுதிச் சேர்த்து, அதே ஐவரிடம் மீண்டும் கொடுக்கலாம். மறுநாளே கொடுத்தால் முதல் சோதனையின் நினைவு உதவிவிடும். ஒரு மாதம் கழித்துக் கொடுப்பது நல்லது. அலாரம், தேதி போன்றவற்றை மக்கள் எப்போதோ ஒரு முறைதான் தொடுகிறார்கள் என்பதால், மறந்த பிறகு ஒருவர் எவ்வளவு நேரத்தில் அதைச் செய்து முடிக்கிறார் என்பதே இரண்டு வடிவங்களையும் ஒப்பிடுவதற்கு ஏற்ற அளவு.